தோல் வறட்சியும் நெய்வேலியும்: காரணம், பராமரிப்பு, பொறுப்பு

முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் மேல் நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு வெள்ளையாக விழுந்து, எண்ணெய் தடவும் வரை அழியாமல் நின்றால் தோலின் மேல்படலம் காய்ந்துவிட்டது என்று பொருள். நெய்வேலியில் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் பாடுபடுகிறவர்களுக்கும், அவர்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய பெரியவர்களுக்கும் இந்தக் கோடு பழகிப்போன ஒன்று. “கால் சாம்பல் பூத்துப்போச்சு”, “தோல் சொரசொரன்னு இருக்கு”, “ராத்திரி ஆனா அரிப்பு தாங்கல” என்று பேசிக்கொள்வார்கள். ஆனாலும் இதற்காக மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள் குறைவு. தோல் வறட்சியை அழகு சார்ந்த சின்னக் குறையாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது.

அந்தப் பார்வை தவறு. வறண்ட தோல் என்பது உடலின் முதல் காப்பு பழுதுபட்ட நிலை. கவனிக்காமல் விட்டால் அரிப்பும் புண்ணும் தொற்றும் அதன் வழியே நுழையும். சர்க்கரை நோயாளிக்குப் பாத வெடிப்பில் தொடங்குவது காலையே இழப்பதில் முடியலாம். தோல் ஏன் காய்கிறது, நெய்வேலி போன்ற ஊரில் அதைக் காய வைப்பவை எவை, சோப்பு முதல் களிம்பு வரை எதை நம்பலாம், இதில் தனிமனிதர் செய்ய வேண்டியது எது, வேலை தருபவர் செய்ய வேண்டியது எது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மேல்படலத்தில் நடப்பது என்ன?

தோலின் வெளிப்புறத்தில் இருப்பது இறந்த செல்களால் ஆன மெல்லிய படலம். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர்தான். தோலியல் மருத்துவர்கள் இதைச் செங்கல் சுவரோடு ஒப்பிடுவது வழக்கம்: தட்டையான செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே நிரம்பியிருக்கும் கொழுப்பு, பூச்சுக்கலவை. அந்தக் கொழுப்பில் பாதியளவு செராமைடு. மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். உடலுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறாமல் தடுப்பது இந்தக் கொழுப்புதான்.

செல்களுக்குள்ளும் ஒரு ஏற்பாடு உண்டு. ஃபிலாக்ரின் என்னும் புரதம் சிதைந்து உண்டாகும் அமினோ அமிலங்களும், யூரியா, லாக்டிக் அமிலம் போன்றவையும் சேர்ந்து நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கின்றன. இவையே தோலின் இயற்கை ஈரக்காப்புப் பொருள்கள். ஃபிலாக்ரின் மரபணுவில் ஏற்படும் பிழை, பரம்பரையாக வந்து தோல் செதில் செதிலாகக் காயும் நோய்க்கும், குழந்தைகளுக்கு வரும் கரப்பானுக்கும் முக்கியக் காரணம் என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் கண்டறிந்தார்கள். சில குடும்பங்களில் பாட்டி, அம்மா, பிள்ளை என்று வரிசையாக வறண்ட தோல் இருப்பதற்கு இதுவே விளக்கம். அது பராமரிப்பின் குறை அல்ல, பிறப்பிலேயே வந்த அமைப்பு.

மேல்படலத்தின் நீரளவு ஏறத்தாழ பத்து விழுக்காட்டுக்குக் கீழே போகும்போது சிக்கல் தொடங்குகிறது. பழைய செல்களை ஒவ்வொன்றாக உதிரச் செய்யும் நொதிகள் வேலை செய்ய நீர் வேண்டும். நீர் குறைந்தால் செல்கள் தனித்தனியாக உதிராமல் கொத்தாக ஒட்டிக்கொண்டு செதிலாகத் தெரிகின்றன. படலம் நெகிழ்வை இழந்து விரிசல் விடுகிறது. விரிசல் வழியே சோப்பு, தூசு, ரசாயனம், கிருமி உள்ளே போகின்றன. அரிப்பு வருகிறது, சொறிகிறோம், சொறிந்த இடத்தில் படலம் இன்னும் கிழிகிறது, அரிப்பு கூடுகிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுப்பதுதான் சிகிச்சை.

நம் ஊர்த் தோலுக்கு ஒரு தனிக் குறிப்பு தேவை. வெளுத்த தோலில் வறட்சியும் அழற்சியும் சிவப்பாகத் தெரியும். கறுத்த, மாநிறத் தோலில் வறட்சி சாம்பல் நிறமாகத் தெரியும். அழற்சி கருஞ்சிவப்பாகவோ வெறும் கருமையாகவோ தெரியும். சொறிந்த இடம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் கருத்திருக்கும். அந்தக் கருமையை அழுக்கென்று நினைத்து நாரால் தேய்ப்பவர்கள் ஏராளம். தேய்க்கத் தேய்க்கக் கருமை கூடும்.

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறட்சி போய்விடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வெயிலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், அது உயிருக்கு. ஆனால் மேல்படலத்தின் கொழுப்பு கரைந்துவிட்டால், குடித்த தண்ணீர் அங்கே தங்காது. அந்தக் குறையை வெளியிலிருந்துதான் நிரப்ப முடியும்.

ஊரின் காற்றும் தூசும்

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆய்வுகளின் முடிவில் 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. அதன் பிறகு இந்த ஊரின் வாழ்க்கை முழுவதும் திறந்தவெளிச் சுரங்கத்தையும் கொதிகலனையும் சுற்றி அமைந்தது. 1962-ல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. சுரங்கங்களும் மற்ற மின் நிலையங்களும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

குளிர்நாட்டு மருத்துவ நூல்கள் தோல் வறட்சியைப் பனிக்கால நோய் என்று எழுதும். கடலூர் மாவட்டத்தின் உள்பகுதியில் அது இரண்டு பருவங்களின் தொல்லை. முதலாவது மார்கழியும் தையும். பனிக்காற்றில் உதடு வெடிக்கும், கன்னம் இழுக்கும். அதோடு அந்த மாதங்களில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காயவைத்துக் குளிக்கிறோம். வெந்நீர் தோலின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. இரண்டாவது கத்திரி தொடங்கி ஆடி வரை. மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று பகலெல்லாம் வீசும், புழுதி கிளம்பும். வியர்வை ஒரு பக்கம் ஊற்றும். மறுபக்கம் அது காய்ந்து உப்பாகத் தோலில் படியும். கசகசப்பைப் போக்க நாளுக்கு மூன்று முறை சோப்புப் போட்டுக் குளிப்பவர்கள், வியர்க்கும் பருவத்தில் தோல் எப்படி வறளும் என்று வியக்கிறார்கள். வியர்வை வேறு, தோலின் கொழுப்பு வேறு. ஒன்று ஊறும்போதே மற்றது தீர்ந்துபோகலாம்.

காற்றோடு வருவது புழுதி மட்டும் அல்ல. பழுப்பு நிலக்கரி எரிந்து மிஞ்சும் உலர் சாம்பல் மிக நுண்ணியது. நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல் என்பது கட்டுமானப் பொறியாளர்கள் நன்கு அறிந்த செய்தி. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அது உதவுவது அதனால்தான். அதே குணம் தோலுக்குப் பகை. ஆரோக்கியமான தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் அமில-கார அளவு ஏறத்தாழ 5. சுண்ணாம்புள்ள தூசு வியர்வையில் நனையும்போது காரமாகிறது. காரம் ஏறினால் மேல்படலக் கொழுப்பை உருவாக்கும் நொதிகள் முடங்குகின்றன, செல்களைப் பிடித்து வைத்திருக்கும் இணைப்புகள் தளர்கின்றன. சாம்பல் கையாளும் பிரிவில் வேலை செய்கிறவர் சட்டைக் காலர் படும் கழுத்திலும், கையுறை முடியும் மணிக்கட்டிலும், சாக்ஸ் இறுக்கும் கணுக்காலிலும் முதலில் அரிப்பை உணர்வது இந்தக் காரணத்தால்தான். தூசும் வியர்வையும் உராய்வும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

வேலை முடிந்து கை கழுவும் இடத்தில்

பராமரிப்புப் பிரிவுத் தொழிலாளி ஒருவர் ஷிப்டு முடிந்து குழாயடிக்கு வருவதை மனதில் கொண்டு பாருங்கள். முழங்கை வரை கிரீஸ். சாதாரண சோப்புக்கு அது போகாது. முதலில் மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த கந்தலால் துடைக்கிறார். பிறகு துணி துவைக்கும் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, கொஞ்சம் மணலையும் சேர்த்துத் தேய்க்கிறார். கிரீஸ் போய்விடுகிறது. கூடவே தோலின் கொழுப்பும் போய்விடுகிறது: மண்ணெண்ணெய் அதைக் கரைத்தது, பவுடரின் காரம் மிச்சத்தை எடுத்தது, மணல் படலத்தையே சுரண்டியது. சில மாதம் இப்படிப் போனால் விரல் இடுக்குகள் வெடிக்கும், புறங்கை தடித்துக் கருக்கும். “வேலைன்னா அப்படித்தான்” என்று அவரும் மற்றவர்களும் ஏற்றுக்கொண்டுவிடுவார்கள்.

மருத்துவத்தில் இதன் பெயர் உறுத்தல் வகைத் தொடுதோல் அழற்சி. ஒவ்வாமை வகை இன்னொன்று. சிமெண்டில் உள்ள குரோமியம், கையுறையின் ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்கள், தரிசு நிலத்தில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் ஆகியவை சிலருடைய உடலில் ஒவ்வாமையைத் தூண்டும். பார்த்தீனியத்தைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றில் வரும் அதன் துகள்கள் பட்டே முகமும் கழுத்தும் தடித்துக் காய்ந்துபோகும். வறட்சி என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தால் இது தீராது. ஒட்டுப் பரிசோதனை செய்து காரணப் பொருளைக் கண்டுபிடித்து விலக வேண்டும்.

ஊருக்கு வெளியே பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும். விரல் நுனிகள் கருகி உரியும். அதைத் தடுக்க விளக்கெண்ணெயோ அடுப்புச் சாம்பலோ பூசிக்கொண்டு உடைப்பது வழக்கம். விளக்கெண்ணெய் ஓரளவு காப்பு. சாம்பல் பிசுக்கை உறிஞ்சுவது உண்மை, ஆனால் அதன் காரம் தோலை மேலும் வறளச் செய்கிறது. சுரங்க நிறுவனமும் முந்திரிக் கொட்டகையும் அளவில் வெவ்வேறானவை. தொழிலாளியின் தோல் இரண்டு இடத்திலும் ஒரே விதமாகத்தான் பழுதாகிறது.

வயதும் நோயும்

வேலையை விட்டவர்களுக்கும் விடுதலை இல்லை. அறுபதுக்கு மேல் எண்ணெய்ச் சுரப்பும் செராமைடு உற்பத்தியும் குறைகின்றன. எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாக உள்ள கணைக்கால்தான் முதலில் காயும். பிறகு அது வறண்ட குளத்து மண்ணாக வெடித்து நீர் கசியும் நிலைக்கும் போகலாம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் முதியோர் அரிப்பில் பெரும்பங்கு வெறும் வறட்சியே. நாள்தோறும் ஈரக்காப்புக் களிம்பு தடவினாலே பலருக்கு அது அடங்கிவிடக் கூடியது.

இருந்தாலும் பின்னணியில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தைராய்டு சுரப்பு குறைந்தால் தோல் குளிர்ந்து தடித்து வறளும். முடி உதிரும், எடை கூடும். சிறுநீரகம் பழுதானால் வறட்சியோடு உடல் முழுக்க அரிப்பு வரும். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் சிலருக்கு வறட்சியைத் தரும். திடீரென்று தொடங்கிய வறட்சி, களிம்புக்குக் கட்டுப்படாத அரிப்பு என்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நெடுநாள் சர்க்கரை, வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளைக் கெடுக்கிறது. பாதம் வியர்ப்பதில்லை, காய்ந்து வெடிக்கிறது. வலியை உணர்த்தும் நரம்பும் கெட்டிருப்பதால் வெடிப்பு ஆழமானதே தெரிவதில்லை. கிருமி புகுந்து சீழ் பிடித்த பிறகுதான் வீட்டார் பார்க்கிறார்கள். பித்த வெடிப்பு என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் குதிகால் வெடிப்பு, சர்க்கரை நோயாளிக்கு அவசரமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று.

குளியலும் சோப்பும்

பராமரிப்பு குளியலறையில் தொடங்குகிறது. நாளுக்கு ஒரு முறை, பத்து நிமிடத்துக்குள், வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் குளிப்பது போதும். இரண்டாவது முறை குளிக்கத்தான் வேண்டும் என்றால் வெறும் தண்ணீரில் குளிக்கலாம். சோப்பு தேவைப்படும் இடங்கள் அக்குள், தொடை இடுக்கு, பாதம், அழுக்குப் பட்ட கை. கணைக்காலுக்கும் முதுகுக்கும் நாள்தோறும் சோப்புத் தேவையில்லை. பீர்க்கங்கூடு, பிளாஸ்டிக் நார், கருங்கல் இவற்றால் உடம்பைத் தேய்ப்பதை வறண்ட தோலுக்காரர்கள் விட்டுவிட வேண்டும்.

சோப்பு வாங்கும்போது உறையைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குளியல் சோப்புகள் மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவை வைத்து மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன: முதல் தரத்தில் குறைந்தது 76 விழுக்காடு, இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. உறையில் டி.எஃப்.எம். என்ற எழுத்துகளோடு இந்த எண் அச்சிட்டிருக்கும். எண் கூடக்கூட நிரப்புப் பொருள்கள் குறைவு. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது: கொழுப்பும் காரமும் சேர்ந்து உண்டான எந்தச் சோப்பும் காரத்தன்மை உள்ளதே; அதன் அமில-கார அளவு 9-க்கும் 10-க்கும் இடைப்பட்டிருக்கும். மிகவும் வறண்ட தோலுக்கு, சோப்பு அல்லாத மென்மையான கழுவுபொருளே ஏற்றது. கடின நீர் உள்ள வீட்டில் நுரை எளிதில் வராது. சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த பிசுக்கு தோலில் படியும். அங்கே கூடுதல் சோப்புப் போடுவது நிலைமையை மோசமாக்கும்.

நம் வீடுகளில் பழக்கத்தில் இருந்த பயத்தம் மாவும் அரப்பும் சீயக்காயும் சோப்பை விட மென்மையானவைதான். மாவை நைசாக அரைத்துச் சலித்துக் குழைத்துப் பூசி அலசும் வரை நல்லது. கொரகொரப்பாகத் தேய்த்தால் மணலுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. எலுமிச்சைச் சாற்றை நேரடியாகத் தேய்ப்பது வெடித்த தோலை எரிக்கும். குளித்ததும் பவுடர் அப்பிக்கொள்ளும் பழக்கம் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

எண்ணெய், வாசலின், களிம்பு

ஈரக்காப்புப் பொருள்கள் மூன்று வகையில் வேலை செய்கின்றன. நீரை ஈர்த்துப் பிடிப்பவை: கிளிசரின், யூரியா, லாக்டிக் அமிலம். மேலே படலமாகப் படிந்து நீரை வெளியேற விடாமல் தடுப்பவை: பெட்ரோலியம் ஜெல்லி, திரவ பாரஃபின், மெழுகு. செதில்களுக்கு இடைப்பட்ட வெளியை நிரப்பி வழவழப்பாக்குபவை: தாவர எண்ணெய்கள், செராமைடு கலந்த களிம்புகள். நல்ல களிம்பில் இந்த மூன்றும் ஏதோ ஒரு விகிதத்தில் இருக்கும்.

அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் செஸ்ப்ரோ, எண்ணெய்க் கிணற்றுக் கருவிகளில் படிந்த மெழுகைத் தொழிலாளர்கள் காயத்துக்குப் பூசுவதைக் கண்டு, அதைச் சுத்திகரித்து 1872-ல் வாசலினுக்குக் காப்புரிமை பெற்றார். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் நீரிழப்பைத் தடுப்பதில் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சுவது அரிது. மணம் இல்லை, ஒவ்வாமை அரிது, விலையும் குறைவு. அதன் குறை பிசுபிசுப்பு. வெயில் காலத்தில் வியர்வைக்குரு வரலாம். அப்போது கிளிசரின் கலந்த லோஷனுக்கு மாறிக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் மேல் நமக்குள்ள நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. 2004-ல் பிலிப்பைன்ஸில் 34 நோயாளிகளை வைத்து நடந்த ஒப்பீட்டு ஆய்வில், இரண்டு வாரம் நாளுக்கிருமுறை தடவிய தூய தேங்காய் எண்ணெய், மினரல் ஆயில் அளவுக்கே வறட்சியைப் போக்கியது. ஆனால் எல்லாத் தாவர எண்ணெயும் ஒன்றல்ல. ஆலிவ் எண்ணெய் தோலின் மேல்படலத்தைப் பலவீனப்படுத்துவதாக 2013-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. கடுகெண்ணெயும் சிலருக்கு உறுத்தும். தீபாவளிக்கும் சனிக்கிழமைக்கும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் பயன் உண்டு. அதை அன்றே சோப்பாலும் வெந்நீராலும் சுத்தமாக எடுத்துவிட்டால் பயன் பாதியாகிவிடும்.

எதைத் தடவுகிறோம் என்பதைவிட எப்போது தடவுகிறோம் என்பது முக்கியம். குளித்து முடித்துத் துண்டால் ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, சில நிமிடங்களுக்குள் தடவ வேண்டும். காய்ந்த தோலில் தடவிய எண்ணெய் பளபளப்பைத் தரும். உள்ளே அடைத்து வைக்க ஈரம் இருக்காது. முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாகத் தடவினால் மயிர்க்கால்கள் அடைத்துக் கொப்புளம் வராது. அளவிலும் கஞ்சத்தனம் கூடாது: ஆள்காட்டி விரலின் நுனி நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குத்தான் போதும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. களிம்பும் எண்ணெயும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றிக் கடுமையாக எரியும். பாரஃபின் களிம்புகள் ஊறிய உடை, படுக்கையால் நேர்ந்த தீ மரணங்களையடுத்து பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எல்லா வகை ஈரக்காப்புக் களிம்புகளுக்கும் இந்த எச்சரிக்கையை விரிவாக்கியது. வெல்டிங், கொதிகலன் அருகே வேலை, அடுப்படி இவற்றுக்குப் போகும் முன் உடம்பெல்லாம் தடவிக்கொள்ளக் கூடாது. பிசுக்குள்ள கையில் கருவி வழுக்கும், தூசும் ஒட்டும். ஷிப்டு முடிந்து குளித்த உடனும் படுக்கும் முன்பும் தடவுவதே சரியான நேரம். களிம்பு பட்ட துணிகளை அடிக்கடி துவைத்து மாற்ற வேண்டும்.

பாதத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். இரவில் காலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, யூரியா கலந்த களிம்பைத் தடவி, பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தால் சில வாரங்களில் குதிகால் இளகும். யூரியா களிம்பு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. மெழுகுவர்த்தியை உருக்கித் தேங்காய் எண்ணெயில் கலந்து வெடிப்பில் அடைக்கும் கைவைத்தியமும் நீரிழப்பைத் தடுக்கக்கூடியதே. நன்றாக ஆறிய பிறகுதான் தடவ வேண்டும். சர்க்கரை நோயாளிகள் காலை வெந்நீரில் விடுவதும், பிளேடால் தடித்த தோலைச் சீவுவதும், விரல் இடுக்கில் களிம்பு அப்புவதும் ஆபத்து. நாள்தோறும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வறட்சி என்று ஏமாந்துவிடக் கூடாதவை

வெளுத்த அல்லது செம்பு நிறத் தேமல், அங்கே வியர்வை இல்லை, முடி குறைவு, தொட்டால் உணர்வும் இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். செங்கல்பட்டு, கரிகிரி தொழுநோய் மையங்களில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வும் சிகிச்சையும் தொழுநோயைக் குணப்படுத்தக் கூடியதாக மாற்றியதில் பங்கு கொண்டவை. கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். வட்டமாக விரிந்து ஓரம் மட்டும் அரித்தால் அது படர்தாமரை. முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளிச் செதில் அடுக்கடுக்காக உதிர்ந்தால் சோரியாசிஸாக இருக்கலாம். இரவில் வீட்டில் எல்லோருக்கும் அரித்தால் சிரங்கு. இவற்றில் எதுவும் ஈரக்காப்புக் களிம்பால் மட்டும் தீராது.

இதைவிடப் பெரிய ஆபத்து, அரிப்பு என்று சொன்னதும் மருந்துக்கடையில் கை நீட்டிக் கொடுக்கும் கலவைக் களிம்பு. அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், வரிவரியாகப் பிளவு விழும், படர்தாமரை உருமாறி உடலெங்கும் பரவும். இந்தியத் தோலியல் மருத்துவர் சங்கத்தின் தொடர் வற்புறுத்தலுக்குப் பிறகு, 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும் கடைப் பழக்கம் முழுதாக மாறவில்லை. மருத்துவர் சொல்லும் நாளுக்கு, சொல்லும் இடத்தில் பயன்படுத்தும் ஸ்டீராய்டு நல்ல மருந்து. நாமாக வாங்கித் தடவும் ஸ்டீராய்டு தோலைக் கெடுக்கும்.

பொறுப்பு யாருடையது?

தனிமனிதப் பராமரிப்பு பற்றி எவ்வளவு எழுதினாலும் வேலையிடத்தைத் தொடாமல் இந்தக் கேள்வி முடியாது. ரசாயனத் தொடுதலால் வரும் தோல் அழற்சி, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் அட்டவணையில் பின்னர் சேர்க்கப்பட்டது. சுரங்கச் சட்டத்தின் கீழும் 2011-ல் சேர்க்கப்பட்டது. 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. தொழிலாளியின் வெடித்த கை சட்டத்தின் கண்ணில் எப்போதோ நோயாகிவிட்டது. நம் கண்ணில்தான் அது இன்னும் வேலையின் இயல்பாக இருக்கிறது.

வேலையிடத்தை மாற்றினால் தோல் நோய் குறையும் என்பதற்கு டென்மார்க் சான்று. 1980-களின் தொடக்கத்தில் அங்கே சிமெண்டில் ஃபெரஸ் சல்ஃபேட் கலந்து கரையும் குரோமியத்தைக் குறைத்தார்கள். கட்டடத் தொழிலாளரிடம் சிமெண்ட் ஒவ்வாமை கணிசமாகக் குறைந்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதுவே விதியானது. தொழிலாளிக்கு அறிவுரை சொல்லி இந்தப் பலன் கிடைக்கவில்லை; பொருளை மாற்றியதால் கிடைத்தது.

நெய்வேலிக்கும் இது பொருந்தும். நிரந்தரத் தொழிலாளருக்கு நிறுவன மருத்துவமனை உண்டு. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்தான் பெரும்பாலும் தூசும் கிரீஸும் மிகுந்த வேலையில் நிற்கிறார். தன் தோலைப் பற்றிச் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, துணிவும் இல்லை. தலைக்கவசமும் காலணியும் தருவது போல, கை கழுவும் இடத்தில் மண்ணெண்ணெய்க்கும் பவுடருக்கும் மாற்றாகத் தோலுக்கு ஏற்ற கிரீஸ் நீக்கியும், பக்கத்திலேயே ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லியும் வைப்பது செலவு மிகுந்த காரியம் அல்ல. இல்லாத இடங்களில் அதை நிர்வாகமும் ஒப்பந்ததாரரும் வைக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸ், பணி நிரந்தரக் கோரிக்கைகளோடு இதையும் எழுதிக் கேட்க வேண்டும். ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் நுரையீரலையும் காதையும் பார்ப்பதோடு கையையும் பாதத்தையும் பார்க்க வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ஊழியர், ஒவ்வொரு முறையும் நோயாளியின் குதிகாலைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் பல கால்களைக் காப்பாற்றலாம்.

வாசகர்கள் இன்றே செய்யக் கூடியது ஒன்று உண்டு. வீட்டில் சர்க்கரை உள்ளவரின் பாதத்தையும், வேலைக்குப் போய் வருகிறவரின் கையையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் குளித்த ஈரத்தோடு களிம்பு தடவப் பழக்குங்கள். வெடித்திருந்தால் நாளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.